பரணில் ஒரு ராணுவம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராணுவ லாரி, டாங்கி, ரோபோ, விண்கலம். போகி நெருங்கினால் இப்படித்தான், ஊரே பரண் ஏறுகிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டை (உலோகம் வார்க்கும் எஃகு அச்சு) ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொம்மை கையில் வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டேன், திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். பதில்களிலும் அந்தப் புத்தி தெரியும்.

மாமனாரின் டிரங்குப் பெட்டியில் சின்னச் சின்ன இரும்பு வண்டிகள் கிடைத்தன. பச்சை ராணுவ லாரி ஒன்றின் அடியில் ‘டிங்கி டாய்ஸ் 622’ என்று இருக்கிறது. சில கார்களின் அடியில் ‘நிக்கி டாய்ஸ்’ என்று இருக்கிறது. பெயின்ட் உரிந்துவிட்டது. புதுப் பெயின்ட் அடித்துப் பேரனுக்குக் கொடுக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். — வாசகி, அண்ணா நகர்

பெயின்ட்டும் வேண்டாம், பேரனும் வேண்டாம் அம்மா. பேரனுக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் அந்தக் காலத்துப் பெயின்ட். அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். குழந்தை கையில் எடுத்தால் அடுத்தது வாய்தான். அவனுக்கு ஒரு புது லாரி வாங்கிக் கொடுங்கள், விஷயம் முடிந்தது.

இனி லாரி. அது இரும்பு இல்லை. காந்தத்தை வைத்துப் பாருங்கள். அச்சாணியில் ஒட்டும், உடம்பில் ஒட்டாது. துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு டைக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்த்தது. 622 என்பது பத்து டன் ராணுவ டிரக். இங்கிலாந்தின் லிவர்பூலில், பின்ஸ் ரோடு என்ற தெருவில் இருந்த மெக்கானோ தொழிற்சாலையில் 1954 முதல் 1960களின் தொடக்கம் வரை செய்தார்கள். அந்தத் தொழிற்சாலையை 1979இல் மூடிவிட்டார்கள்.

ஆனால் உங்கள் பெட்டியில் எனக்குப் பிடித்தது லாரி இல்லை, அந்த நிக்கி கார்கள்தான். வெளிநாட்டுப் பொம்மைகள் சுலபமாக உள்ளே வர முடியாத 1960களின் பிற்பகுதியில், மெக்கானோ தன்னிடம் வேலை முடிந்துபோன சில டைகளைக் கல்கத்தாவுக்கு விற்றது. அங்கே அதே டையில் வார்த்து, ‘நிக்கி’ என்ற பெயரில் விற்றார்கள். அடிப்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சில வண்டிகளில் டிங்கி என்ற பெயரை அழித்த தடம் தெரியும். யாரோ ஒரு ஃபிட்டர் டையில் கை வைத்துச் செய்த வேலை அது. எனக்கு அந்த மனிதரின் கை தெரிகிறது. தேய்ந்த டை என்பதால் விளிம்புகள் லிவர்பூல் வண்டியைப் போலக் கூர்மையாக இருக்காது, பெயின்ட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்கும். அதனாலேயே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடுகிறார்கள். இங்கிலாந்தில் செய்த டிங்கி அவர்களுக்கு ஊரில் கிடைக்கும், கல்கத்தாவில் செய்தது கிடைக்காது.

இதில் புதுப் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்? அந்தத் தடம் மறையும், உங்கள் மாமனார் தேய்த்த தேய்மானம் மறையும், விலையும் இறங்கும். மெத்தென்ற பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். அழுக்கு அதிகம் என்றால் ஈரத் துணியால் ஒற்றி, உடனே உலர்த்துங்கள். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், அச்சாணி துருப்பிடிக்கும்.

அட்டைப் பெட்டி இருக்கிறதா என்று எழுதவில்லையே? இருந்தால் முகவரியைப் பாருங்கள். ‘கல்கத்தா-16’ என்பது போல ஓரிரு இலக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழசு. ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் வந்தது. ஆறு இலக்கம் இருந்தால் அதற்குப் பிறகுதான் அச்சடித்திருக்க முடியும். இந்தியப் பொம்மைக்கு வயது பார்க்க இதைவிட மலிவான கருவி இல்லை.

என்னிடம் உள்ள பழைய டிங்கி போர் விமானத்தின் இறக்கையில் மெல்லிய விரிசல்கள் ஓடுகின்றன. போன வருஷம் இல்லாத விரிசல் இந்த வருஷம் இருக்கிறது. ஃபெவிக்விக் போட்டால் நிற்குமா? — வாசகர், மயிலாப்பூர்

நிற்காது சார். சொல்ல வருத்தமாக இருக்கிறது, இதற்கு வைத்தியம் இல்லை. துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால், வருஷக்கணக்கில் உலோகத்தின் படிகங்களுக்கு நடுவே அரிப்பு ஓடும். பொருள் வீங்கும், வளையும், கடைசியில் பழைய வர்க்கியைப் போலக் கையிலேயே உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி விமானங்களில் இது மிகவும் சகஜம். அப்போதெல்லாம் ஈயமும் துத்தநாகமும் ஒரே பட்டறையில் புழங்கின. ஈயத்தில் கொஞ்சம் தவறி உலையில் விழுந்தாலே போதும்.

நாங்கள் டை ஷாப்பில் ‘ஜமாக்’ என்று சொல்லும் கலவை 1929இல் அமெரிக்காவில் வந்தது. அதற்கு 99.99 சதவீதச் சுத்தமான துத்தநாகம் வேண்டும் என்று கறாராகச் சொன்னதே இந்த நோயைத் தவிர்க்கத்தான். எங்கள் ஃபோர்மேன் உலைக்குப் பக்கத்தில் சால்டர் ஈயத்தைக் கொண்டுவர விட மாட்டார். அப்போது அவரைத் திட்டாத ஆள் இல்லை.

வெப்பமும் ஈரமும் இதை வேகப்படுத்தும். சென்னையில் இரண்டுமே இலவசம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், தூக்கிப் பிடித்துக் காட்டாதீர்கள், இன்றே நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். இது தொற்று நோய் என்று சிலர் பக்கத்துப் பொம்மைகளை எல்லாம் அப்புறப்படுத்துவார்கள். அப்படி எதுவும் இல்லை.

என் ஜி.ஐ. ஜோ பொம்மையைத் தூக்கினேன், இடுப்புக்குக் கீழே தனியாகக் கழன்று விழுந்துவிட்டது. ஃபன்ஸ்கூல் செய்தது. அப்பா சின்ன வயதில் விளையாடியது. திட்டு வாங்குவதற்குள் சரிசெய்ய முடியுமா? — மாணவர், கொளத்தூர்

முடியும் தம்பி, ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். அது உடையவில்லை. மார்புக்குள் ஒரு கறுப்பு ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், இருக்கும். அதுதான் கால்களின் கொக்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு இடுப்பைத் திரும்ப விடுகிறது. அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ 1982இல் இந்தப் பொம்மையை மூணே முக்கால் அங்குல உயரத்தில் கொண்டுவந்தபோதிருந்து இதே அமைப்புதான். ரப்பர் காய்ந்து அறுந்திருக்கிறது, அவ்வளவே.

முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ. சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை நேராக அழுத்தித் திருப்பு. துரு இருந்தால் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி பொறு. அவசரப்பட்டால் தலை வழுக்கிவிடும், அப்புறம் என்னைப் போன்ற ஆளைத்தான் தேட வேண்டும். உள்ளே கைகளும் தலையும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டு பிரி. அறுந்த வளையத்தை எடுத்துக்கொண்டு பிராட்வே பக்கம் பேரிங், ஆயில் சீல் விற்கிற கடைக்குப் போ. அளவு தெரியாவிட்டால் பழசைக் காட்டினால் போதும். கொஞ்சம் இறுக்கமானதையே கேட்காதே, இடுப்புப் பிளாஸ்டிக் விரிந்துவிடும்.

இன்னொன்று: துப்பாக்கியைக் கையில் சொருகும்போதுதான் கட்டைவிரல் போகும். கையை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வை, பிளாஸ்டிக் இளகிக் கொடுக்கும்.

அப்பாவிடம் இதையும் சொல். அமெரிக்காவில் இந்த வரிசை 1994இல் நின்றுபோனது. நம் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் அதற்குப் பிறகும் விடாமல் செய்துகொண்டிருந்தது. அமெரிக்கப் பொம்மையில் இல்லாத நிறச் சேர்க்கைகள் இங்கே வந்தன. காட்டுப் படை வீரனுக்கு எப்படி இந்த நிறம் என்று நமக்கே சிரிப்பு வரும். அந்த விசித்திர நிறத்துக்காகவே இன்று வெளிநாட்டில் தனியாக ஒரு கூட்டம் சேகரிக்கிறது. நிறம் தப்பு என்று யாராவது சொன்னால் நம்பிப் பெயின்ட் அடித்துவிடாதே.

தாத்தா 1960களில் ரங்கூனிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த தகர ரோபோ ஒன்று வீட்டில் இருக்கிறது. மார்பில் டயல்கள் வரைந்திருக்கும். பேட்டரி அறையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. ஓடவில்லை. இது ஒரிஜினலா? — வாசகர், வியாசர்பாடி

வியாசர்பாடிப் பரண்களில் இப்படி இன்னும் எத்தனை இருக்கின்றனவோ. பர்மாவில் அடிபட்டு, அவசரமாகக் கப்பல் ஏறியவர்கள் ஒரு தகர ரோபோவையும் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றால், அதை எந்தக் குழந்தைக்காகச் சுமந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அது பொம்மையோடு சேர்த்து வைக்க வேண்டிய காகிதம்.

ஒரிஜினலா என்பதற்கு முதுகிலோ காலடியிலோ சின்ன எழுத்து தேடுங்கள். டி.என். என்றால் நொமுரா, எஸ்.ஹெச். என்றால் ஹோரிகாவா, கே.ஓ. என்றால் யோஷியா, வெறும் ஒய் என்றால் யோனெசாவா. எல்லாம் ஜப்பான் கம்பெனிகள். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தால் இன்னும் பழசு. அமெரிக்க ராணுவம் அங்கே ஆட்சி செய்த காலம் 1952இல் முடிந்தது. தகரத்தின் விளிம்பில் சின்ன நாக்குகளை மடித்துப் பூட்டியிருப்பார்கள். பார்கோடோ ‘சி.இ.’ என்ற ஐரோப்பிய முத்திரையோ பெட்டியில் இருந்தால் பின்னாளில் வந்த நகல். இப்போது புதிதாகச் செய்து, பழையது போலத் தேய்த்து விற்பவர்களும் உண்டு. ஆனால் உங்களுடையது வீட்டை விட்டு வெளியே போகாதது என்கிறீர்கள், அதனால் எனக்குச் சந்தேகம் குறைவு.

பூத்திருப்பதைச் சுத்தம் செய்ய, எந்த வகை பேட்டரி ஒழுகியது என்று தெரிய வேண்டும். பழைய சாதாரண செல் என்றால் அது அமிலத்தன்மை; சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். பின்னாளில் யாராவது ஆல்கலைன் செல் போட்டிருந்தால் அது காரம். அதற்கு ஒரு சொட்டு வினிகர். எதுவானாலும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, உலோகத் தகட்டில் மட்டும் தடவுங்கள். அச்சடித்த வண்ணத்தில் பட்டால் வண்ணம் போய்விடும். பிறகு நன்றாக உலர்த்துங்கள். தகட்டை நுண்ணிய எமரித் தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, புது செல் போட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் அடாப்டரில் அதிக வோல்ட் கொடுத்து உசுப்பாதீர்கள். மோட்டார் கருகினால் அந்தக் கதை அதோடு சரி.

ஓடினாலும் சரி, பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு செல்லைக் கழற்றிவிடுங்கள். என் வீட்டில் எந்தப் பொம்மைக்குள்ளும் செல் தூங்காது.

வெள்ளை பிளாஸ்டிக் விண்கலம் மஞ்சளாகிவிட்டது. பியூட்டி பார்லரில் வாங்கும் பெராக்சைடு கிரீமைத் தடவி மொட்டை மாடியில் வெயிலில் வைத்தால் வெள்ளையாகும் என்கிறார்களே? — வாசகர், வேளச்சேரி

ஆகும். திட்டுத்திட்டாகவும் ஆகும், சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகவும் ஆகும். ஸ்டிக்கர் இருந்தால் அதுவும் போச்சு. வெளுப்பதைவிட வெயில் படாத அலமாரிக்கு மாற்றுவது நல்லது.

அலமாரி என்றதும் ஞாபகம் வருகிறது: அந்துருண்டை போட்டு வைக்காதீர்கள். நாப்தலின் ஆவி, மாடல் கிட்டுகளின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை மெல்ல இளக்கும். பட்டுப் புடவையும் பொம்மையும் ஒரே பீரோவில் இருக்கக் கூடாது.

கொலுவில் பூங்கா பக்கம் வைக்கும் ஈய சிப்பாய்கள் மீது வெள்ளைப் பொடி படிகிறது. துடைத்தால் மறுபடி வருகிறது. தேக்கு ஷோகேஸில்தான் பத்திரமாக வைத்திருக்கிறோம். — வாசகி, மேற்கு மாம்பலம்

அந்த ஷோகேஸ்தான் வில்லன். மரத்திலிருந்தும் அட்டையிலிருந்தும் மெல்லக் கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கிறது. அடைத்த மரப்பெட்டி ஈயத்துக்கு ஆகாது. கண்ணாடி, இரும்பு பீரோ, பாலிப்ராப்பிலீன் டப்பா, இவை பரவாயில்லை. பொடியைக் கையுறையோடு, ஈரப் பஞ்சால் எடுங்கள்; ஊத வேண்டாம், அது ஈயச் சத்துள்ள பொடி. கை கழுவிவிட்டுத்தான் சுண்டல் விநியோகம்.

54 மில்லிமீட்டர் உயரம் இருந்து, உள்ளே வெறுமையாக இருந்தால் பிரிட்டெய்ன்ஸ் கம்பெனியாக இருக்கலாம். உள்ளே கூடாக வார்க்கும் முறையை அவர்கள் 1893இல் கொண்டுவந்தார்கள். ஈயம் மிச்சம், விலையும் மலிவு. பழைய மதராஸ் காலாட்படையைக்கூட ஒரு பெட்டியாகப் போட்டிருக்கிறார்கள். உங்கள் கொலுவில் அது இருந்தால் தயவுசெய்து எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்.

நான் 80களில் கட்டிய டாமியா கம்பெனி மாடல் டாங்கியின் ட்ராக் (சங்கிலிப் பட்டை), சக்கரங்களோடு ஒட்டி உருகியிருக்கிறது. வெயிலாலா? இன்னொரு சந்தேகம்: 1/35 என்ற அளவு ஏன்? — ஆவடி வாசகர்

ஆவடியிலிருந்து டாங்கி பற்றிக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். விஜயந்தா 1965இல் வெளியே வந்த ஊர்.

வெயில் கொஞ்சம் உதவியிருக்கும், ஆனால் குற்றவாளி வேறு. மென்மையான வினைல் ட்ராக்கில் இருக்கும் எண்ணெய் போன்ற பொருள் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. ட்ராக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே நல்ல பெயின்ட் பூச்சு இருந்தால் தாமதமாகும். ஒட்டியதைப் பிய்க்க வேண்டாம், அப்படியே வையுங்கள். இன்னும் ஒட்டாத கிட் பெட்டியில் இருந்தால், ட்ராக்கை மட்டும் தனியாக பட்டர் பேப்பரில் சுற்றுங்கள்.

1/35, அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்பதற்கு எந்தச் சாஸ்திரமும் கிடையாது. டாமியா 1961இல் பாந்தர் டாங்கியைக் கொண்டுவந்தபோது உள்ளே மோட்டாரும் பேட்டரியும் வைக்க வேண்டியிருந்தது. அவை உட்காரும் அளவுக்கு உடம்பை வரைந்தார்கள், கணக்குப் போட்டால் 1/35 வந்தது. இன்று உலகமே அந்த அளவில் டாங்கி செய்கிறது. பேட்டரி சைஸ் ஒரு உலக அளவைத் தீர்மானித்தது என்று நினைத்தால் ஒரு பழைய ஃபிட்டருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஏர்ஃபிக்ஸ் கம்பெனி போட்ட ‘நாட்’ போர் விமானத்தின் பழைய 1/72 கிட் கிடைத்தது. 1965 போரில் பறந்த நம் விமானமாகக் கட்டலாமா? — தாம்பரம் வாசகர்

பெட்டியைத் திறந்து கண்ணாடி மூடியைப் பாருங்கள். பழைய ஏர்ஃபிக்ஸ் நாட், இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களை எதிர்த்த நம் நாட் ஒற்றை ஆள் விமானம், பெங்களூர் ஹெச்.ஏ.எல்.லில் செய்தது. மூக்கும் இறக்கையும்கூட வேறு. காவி, வெள்ளை, பச்சை வட்டத்தை ஒட்டினாலும் தாம்பரத்தில் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அதைப் பயிற்சி விமானமாகவே கட்டுங்கள்.

தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர் தாள் மஞ்சளாக இருந்தால், பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள், சென்னை வெயில் சில நாளில் வெளுத்துக் கொடுக்கும். தண்ணீரில் போடுமுன் மேலே ஒரு கோட் கிளியர் வார்னிஷ், இல்லையென்றால் துண்டு துண்டாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் பெயின்ட் ஸ்ப்ரே செய்யாதீர்கள், ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் எல்லாம் கிடைக்கும் என்கிறார்கள். இப்போது எங்கே தேடுவது? — கல்லூரி மாணவி, பெரம்பூர்

1985இல் அது எரிந்தபோது என்னென்ன போனது என்று யாராலும் பட்டியல் போட முடியாது. இப்போது ஆன்லைனில் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவதைவிட, உங்கள் தெருக் காயலான் கடைக்காரரிடமும் பழைய பேப்பர்க்காரரிடமும் சொல்லி வையுங்கள். போகிக்கு முந்தைய வாரம் முக்கியம், பரணில் இருப்பதெல்லாம் அப்போதுதான் இறங்கும். சொந்தக்காரர் வீடுகளில் ஒட்டடை அடிக்க உதவிக்குப் போங்கள். விலை பேசாமலே கிடைக்கும், பாட்டி கையால் காபியும் கிடைக்கும். உடைந்ததையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்துக்காக நாயாய் அலைந்தவனுக்குத்தான் உடைந்ததின் அருமை தெரியும்.

சென்னையோடு தொடர்புள்ள ஒரு போர்க்கப்பல் மாடல் கட்ட வேண்டும். எதைக் கட்டலாம்? — பள்ளி ஆசிரியர், திருவொற்றியூர்

யோசிக்கவே வேண்டாம், எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்துக்கு வெளியே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். உயர் நீதிமன்றச் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது, பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். ரெவல் கம்பெனி 1/350 அளவில் கிட் போட்டிருக்கிறது.

வெள்ளையாகக் கட்டிவிடாதீர்கள். சமாதான காலத்தில் அது வெள்ளை; ‘கிழக்கின் அன்னம்’ என்று பெயர் வாங்கியதும் அந்த நிறத்தில்தான். போர் தொடங்கியதும் சாம்பல் நிறத்துக்கு மாறியது. மதராஸுக்கு வந்தது சாம்பல் எம்டன். உண்மையான புகைபோக்கிகள் மூன்று. அக்டோபர் 28இல் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, ஆங்கிலேயக் கப்பல் போலத் தெரிய நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தியிருந்தார்கள். கெட்டி அட்டையைச் சுருட்டி அந்த நாலாவதைக் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள், வகுப்பில் பையன்கள் அதைத்தான் சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள். கப்பல் முடிந்ததும் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் நீளம் வரும். பள்ளி அலமாரித் தட்டை அளந்துவிட்டு ஆரம்பியுங்கள்.